பெருமரக் கடைசலில் ‘அவுட்போர்ட்’: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புடையீர், வணக்கம்.

மரவேலைச் சொற்பட்டியலின் வரைவில் ‘அவுட்போர்ட் டர்னிங்’ என்பதற்கு நேராக ‘வெளிக்கடைசல்’ என்று இடப்பட்டிருக்கிறது. உருளையின் வெளிப்பரப்பைக் கடைவதற்கே அச்சொல் இயல்பாகப் பொருந்தும். துளையின் உட்பரப்பைக் கடைவது உட்கடைசல். ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்தால் படிக்கும் மாணவர் தடுமாறுவார்.

கருத்து எளிதுதான். கடைசல் இயந்திரத்தில் (லேத்) மரம் சுழலும் அச்சுக்குக் கீழே நீளவாட்டில் ‘பெட்’ என்னும் அடிச்சட்டம் ஓடுகிறது. அச்சின் நடுவிலிருந்து பெட் வரை 10 அங்குல இடைவெளி இருந்தால், 20 அங்குலத்துக்கு மேற்பட்ட விட்டமுள்ள மரம் பெட்டில் இடிக்கும். பவர்மேட்டிக் 3520 என்ற இயந்திரத்தின் பெயரிலேயே இந்த வரம்பு எழுதியிருக்கிறது: இரு முனைகளுக்கிடையே 35 அங்குலம், விட்டம் 20 அங்குலம். நான்கடி விட்டமுள்ள அடிமரத்தைக் கடைய நினைப்பவர் அதை ஹெட்ஸ்டாக்கின் (அச்சைத் தாங்கிச் சுழற்றும் தலைப்பகுதி) மறுபக்கத்தில், அச்சின் இடக்கோடியில் மாட்டுகிறார். அங்கே கீழே தரைதான் இருக்கிறது. உளியைத் தாங்கும் கட்டையும் தனியாகத் தரையில் நிற்கிறது.

அந்தக் கோடியில் மரத்தை மாட்டும் திருகின் மரை இடது மரையாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அச்சு சுழலும் திசை மாறவில்லை என்றாலும் நாம் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறோம். வழக்கமான வலது மரை என்றால், உளி கொடுக்கும் எதிர்ப்பிலேயே ஃபேஸ் பிளேட் (மரத்தை அச்சோடு பிணைக்கும் வட்டத் தட்டு) மரத்தோடு கழன்று வந்துவிடும். இதை வைத்து ‘மறுமுனைக் கடைசல்’ எனலாமே என்று அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். இன்றைய இயந்திரங்கள் பலவற்றில் ஹெட்ஸ்டாக்கையே திருப்பி வைக்கலாம், அல்லது பெட்டின் கோடிவரை நகர்த்தலாம். அப்போது மரம் அதே முனையில், அதே வலது மரையில்தான் இருக்கிறது. எனவே ‘மறுமுனை’ பாதி உண்மையையே சொல்லும்.

‘புறக்கடைசல்’ என்றும் சொல்லலாம்தான், ஆனால் அதைப் படித்ததும் எனக்கு வீட்டுப் புறக்கடையும் கிணற்றடியும் நினைவுக்கு வருகின்றன. ஆங்கிலச் சொல்லே படகுக்காரர்களிடம் கடன் வாங்கியது. படகின் பக்கப்பலகைக்கு வெளியே என்பது அதன் பொருள். நாமும் அந்தப் பலகையைச் சுமக்க வேண்டியதில்லை. மரம் அடியில் ஆதாரமின்றி அந்தரத்தில் நின்று சுழல்வதால் ‘அந்தரக் கடைசல்’ என்று முன்மொழிகிறேன்.

*

மறுமொழி:

ஐயா, வணக்கம். உங்கள் விளக்கம் தெளிவாக இருந்தது, சொல்தான் இடிக்கிறது. யாழ்ப்பாணத்தில் அந்தரம் என்றால் அவசரம், பதற்றம். “அந்தரப்படாதேங்கோ” என்று நாள்தோறும் சொல்கிற எங்களுக்கு, அந்தரக் கடைச்சல் என்பது பதறியடித்துக் கடைந்து முடித்த வேலையாகத்தான் கேட்கும். (நாங்கள் ‘கடைச்சல்’ என்று சகரத்தை அழுத்தியே சொல்வோம், அதைத் திருத்த வர வேண்டாம்.) மேலும், பெட்டுக்கு மேலே வழக்கமாகக் கடைவதை எப்படி அழைப்பீர்கள்? அந்தரத்துக்கு எதிர்ச்சொல் கிடைக்காவிட்டால் அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமையாகவே கிடக்கும்.

*

அம்மா, வணக்கம்.

உங்கள் மறுப்பை ஏற்று என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். பெருமரம் கடைகிறவருக்கு அவசரம்தான் முதல் எதிரி என்பதால் இந்தத் திருத்தம் இரட்டிப்பாகப் பொருந்துகிறது. பச்சை மரம் கன மீட்டருக்கு 900 கிலோ என்று கொண்டால், 1.2 மீட்டர் விட்டமும் 0.6 மீட்டர் கனமும் உள்ள துண்டு 600 கிலோவைத் தாண்டும். அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6,000 முதல் 9,000 வரைக்குள் நிற்க வேண்டும் என்பது கடைசலர்களிடையே வழங்கும் கணக்கு. 48 அங்குலத்துக்கு அது ஏறத்தாழ 125 முதல் 187 சுற்றுதான். எடை ஒருபக்கம் சாய்ந்த கட்டையில் இதையும் குறைத்தே தொடங்க வேண்டும், ஏனெனில் வேகம் இரட்டித்தால் உதறல் விசை நான்கு மடங்காகும்.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு, மரச்செக்கு உரல் கடையும் பட்டறை ஒன்றுக்குப் போய்வந்தேன். செயின் பிளாக்கில் தூக்கிய வாகை அடிமரத்தை அச்சின் இடப்பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். முதிய கடைசலர் மோட்டாரைப் போடுமுன் மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று மெல்லச் சுற்றி, பட்டை எங்கேயாவது தாங்குகட்டையில் உரசுகிறதா என்று குனிந்து பார்த்தார். ஓரிடத்தில் உரசியது. கட்டையை இரண்டு விரல் பின்னுக்குத் தள்ளி, மறுபடியும் சுற்றினார். இந்த வேலைக்கு என்ன பெயர் என்று கேட்டதற்கு, “பேரென்ன பேரு, பெட்டுக்கு வெளிய போட்டுக் கடையுறோம்” என்றார்.

நாம் தேடிய சொல் அந்த விடையிலேயே இருக்கிறது. எல்லா அமைப்புக்கும் பொதுவானது பெட்டுக்கு வெளியே என்பதுதான். பெட் என்பதை அகராதிகளில் ‘படுகை’ என்கிறார்கள். எனக்குப் படுகை என்றால் காவிரியும் நாணலும்தான். ‘தளம்’ போதும். ஆகவே ‘தளவெளிக் கடைசல்’. அதன் இணை ‘தளமேற்கடைசல்’. உங்கள் அட்டவணையின் வெற்றுக் கட்டம் நிரம்பிவிடும் என்று நம்புகிறேன்.

இதோடு ‘ஸ்விங்’ என்ற சொல்லையும் முடித்துவிடலாம். வரைவில் அது ‘ஊசல்’ ஆகியிருக்கிறது. கடைசலில் எதுவும் ஊசலாடுவதில்லை, ஆடினால் ஓட வேண்டியதுதான். இயந்திரம் ஏற்கும் மிகப் பெரிய விட்டம் என்பதால், கொள்ளளவு என்பதன் வழியில் ‘கொள்விட்டம்’ என்கிறேன். அமெரிக்க வழக்கில் இவ்வளவை விட்டமாகவும், பழைய பிரித்தானிய வழக்கில் அச்சின் உயரமாகவும், அதாவது ஆரமாகவும், குறிப்பார்கள். சொல்லுக்குள்ளேயே விட்டம் இருந்தால் பாதி அளவு இயந்திரத்தை வாங்கி ஏமாற மாட்டோம். தளமேற்கொள்விட்டம், தளவெளிக் கொள்விட்டம் என்று இரண்டும் தாமாகவே பிறக்கின்றன.

அட்லாண்டாவில் கட்டடக் கலைஞராக இருந்து கடைசலுக்கு வந்த எட் மோல்த்ராப் (1916–2003), பெரிய மரக்கலங்களுக்காக இயந்திரத்தையும் ஈட்டி போல் நீண்ட உளிகளையும் தாமே செய்துகொண்டார். அந்த உளிக்கு ‘ஈட்டியுளி’ என்பதில் எவருக்கும் மறுப்பிராது என நினைக்கிறேன். ஃபேஸ் பிளேட்டுக்கு ‘முகத்தட்டு’ சரியா என்பதை வேறு இழையில் வைத்துக்கொள்வோம். அதில் எனக்கே இரண்டு மனம்.