தினம் ஓர் ஆஸ்பிரின்: புற்றுநோயைத் தடுக்க எல்லோரும் போடலாமா?

கதிர்வேல்:
வணக்கம் நண்பர்களே. எனக்கு வயது 52. மூன்று மாதமாக ராத்திரி சாப்பிட்டபின் ஆஸ்பிரின் 75 மி.கி. போடுகிறேன். டாக்டர் எழுதித் தந்ததல்ல, நானாகத் தொடங்கியது. அப்பா 46 வயதில் பெருங்குடல் புற்றுநோயில் போய்விட்டார். அந்த வயதை நான் தாண்டிய நாளிலிருந்து மனசுக்குள் ஒரு பயம். 2010இல் லான்செட் இதழில் ராத்வெல் குழுவினரின் ஆய்வு வந்தது. பழைய ஆஸ்பிரின் ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களை 20 ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்ததில், மாத்திரை எடுத்தவர்களுக்குப் பெருங்குடல் புற்று ஏறத்தாழ கால் பங்கு குறைவு. மாரடைப்பு, புற்று இரண்டையும் தடுக்கும் என்றால் நாற்பது தாண்டிய எல்லோரும் ஏன் போடக்கூடாது?

செல்வி (மருந்தாளர்):
தயவுசெய்து "எல்லோரும்" என்று எழுதாதீர்கள். ரத்தத்தை உறையவைப்பது தட்டணு என்ற சிறு அணு. ஆஸ்பிரின் பட்ட தட்டணு சாகும்வரை வேலை செய்யாது. அதற்கு உட்கரு இல்லை, முடங்கிய நொதியைப் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. புதுத் தட்டணுக்கள் வந்து நிறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இதயத்துக்கு நன்மை அதனால்தான், ரத்தம் கசிந்தால் நிற்காததும் அதனால்தான். வயிற்றின் உள்சுவரைக் காக்கும் பொருளையும் அதே மாத்திரை குறைக்கிறது. மேலே பூச்சு போட்ட மாத்திரை வயிற்றைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள், பாதிப்பு ரத்தம் வழியாகவும் வருகிறது.

என் அம்மா இதயத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒன்றரை வருடம் எடுத்தார். கூடவே மூட்டுவலிக்கு இன்னொரு மாத்திரை. எனக்குத் தெரியாது. ஒரு நாள் கருப்பாக மலம் போய், மயங்கி விழுந்து, நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினோம்.

இளங்கோ:
அம்மாவுக்கு நடந்தது கொடுமைதான், செல்வி மேடம். அதற்காக மருந்தையே ஒதுக்கிவிட முடியுமா? அமெரிக்காவில் கிட்டத்தட்ட 40,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வில் ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மி.கி. கொடுத்தார்கள். 18 ஆண்டுத் தொடர்ச்சியில் பெருங்குடல், மலக்குடல் புற்று 20 சதவீதம் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த வித்தியாசம் பத்தாண்டு கழித்துத்தான் தெரிந்தது. குடலில் ஒரு சிறு கட்டி புற்றாக மாற அத்தனை காலம் ஆகும். ஐந்தாண்டில் முடித்துவிட்டுப் பலன் இல்லை என்பது நியாயமில்லை.

செல்வி (மருந்தாளர்):
அதே ஆய்வில் இரைப்பை, குடல் ரத்தக்கசிவு கூடியதையும் சொல்லுங்கள். 2018இல் வந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் 19,114 முதியவர்கள், தினம் 100 மி.கி. பெரிய ரத்தக்கசிவு ஆஸ்பிரின் தரப்பில் 3.8 சதவீதம், மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களிடம் 2.8. புற்றுநோயால் இறந்தவர்கள் 3.1 சதவீதம், அந்தப் பக்கம் 2.3. ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம்தான் அதிகம்! அதே ஆண்டு 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த அசெண்ட் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 9.6இலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தன. ரத்தக்கசிவோ 3.2இலிருந்து 4.1 ஆனது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிக்கொண்டது. 2016இல் ஐம்பதுகளில் இருப்பவர்களில் இதய ஆபத்து கூடியவர்களுக்குப் பரிந்துரைத்த அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு, 2022இல் அறுபதுக்கு மேல் புதிதாகத் தொடங்காதீர்கள் என்றது. புற்று தடுப்புக்கு ஆதாரம் போதவில்லை என்றும் சொல்லிவிட்டது.

இளங்கோ:
ஆஸ்ப்ரீயில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் எழுபது தாண்டியவர்கள், கண்காணித்ததும் ஐந்து ஆண்டுக்குள். உள்ளே ஏற்கெனவே புற்று தொடங்கியிருந்தால் ஆஸ்பிரின் என்ன செய்யும்? ஐம்பதில் இருப்பவருக்கு அந்த எண்ணிக்கையைப் பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

செல்வி (மருந்தாளர்):
வயது வித்தியாசம் உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐம்பதில் தொடங்கியவர் எழுபதில் தானாக நிறுத்துவதில்லை, இளங்கோ. என் கவுண்டரில் யாரும் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

ரஹீம்:
அக்கா, எனக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். இதையெல்லாம் படித்துப் பயமாக இருக்கிறது. நிறுத்திவிடவா?

செல்வி (மருந்தாளர்):
வேண்டாம் தம்பி! ஸ்டென்ட் வைத்தவர், ஒருமுறை மாரடைப்பு வந்தவர் கணக்கே வேறு. திடீரென நிறுத்தினால் ஸ்டென்டில் ரத்தம் உறையலாம். உங்கள் இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு நாள்கூட விடாதீர்கள்.

இளங்கோ:
கதிர்வேல் அண்ணா, ஒரு கேள்வி. அப்பா வழியில் வேறு யாருக்காவது புற்று வந்ததா?

கதிர்வேல்:
அத்தைக்குக் கருப்பையில். ஐம்பதுக்குள்ளேயே. பிழைத்துக்கொண்டார்.

செல்வி (மருந்தாளர்):
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, அண்ணா! சிறு வயதில் குடல் புற்று, அதே வழியில் கருப்பைப் புற்று என்றால் லின்ச் நோய்க்குறியா என்று பார்த்தாக வேண்டும். டிஎன்ஏ-வில் வரும் பிழைகளைத் திருத்தும் மரபணு பழுதாகி, குடும்ப வழியாக வருவது.

இளங்கோ:
ஆஸ்பிரினுக்கு வலுவான ஆதாரம் இருப்பதும் அங்கேதான். கேப்-2 ஆய்வில் லின்ச் உள்ள 861 பேர். ஆஸ்பிரின் தரப்பில் 9 சதவீதம் பேருக்குப் பெருங்குடல் புற்று வந்தது, மறுதரப்பில் 13. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020இல் லின்ச் உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது.

செல்வி (மருந்தாளர்):
லின்ச் உறுதியானவர்களுக்கு என்றால் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் அந்த ஆய்வில் கொடுத்தது 600 மி.கி., இவர் போடுவது 75. லின்ச் இருந்தால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) வேண்டும், அதற்கு மாத்திரை ஈடாகாது. அண்ணா, இதுவரை செய்திருக்கிறீர்களா?

கதிர்வேல்:
இல்லை அம்மா. ஏதாவது இருந்துவிடுமோ என்ற பயத்தில் தள்ளிப்போட்டேன். மாத்திரை போட்டால் ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு நிம்மதி.

இளங்கோ:
ஐம்பதில் தொடங்கலாம் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் முதலில் பரிசோதனை. அத்தையின் கட்டித் திசுவில், டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் அந்த மரபணுக்கள் செய்யும் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தால் பாதி வழி தெரியும்.

செல்வி (மருந்தாளர்):
போகும்போது ஆஸ்பிரின் எடுப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வலி மாத்திரை ஏதும் எடுத்தால் அதையும்.

கதிர்வேல்:
அத்தையின் ரிப்போர்ட் எல்லாம் அவர் மகளிடம் இருக்கிறது. இன்று ராத்திரி கூப்பிட்டுக் கேட்கிறேன்.