பூட்லோடரில் செக்மெண்ட், ஸ்டாக்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

உவர்மலையான்:
பக்கத்து வீட்டுத் தம்பி சொந்தமாகப் பூட்லோடர் (கணினி தொடங்கும்போது ஓடி, இயங்குதளத்தை ஏற்றும் சிறு நிரல்) எழுதுகிறான். கியூஎம்யுவில் (கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள்) ஆங்கில எழுத்தில் 'வணக்கம் திருமலை' என்று அழகாக வந்தது. அதையே பென்டிரைவில் போட்டு, கடற்காற்றில் துருவேறிய ஒரு பென்டியம் 4 பெட்டியில் ஓடவிட்டால் திரை முழுக்கக் குப்பை. "அண்ணா, மெஷின்தான் பழுது" என்று சாதித்தான்.

பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. பூட் செக்டரின் (வட்டின் முதல் துண்டு) 512 பைட்டை நினைவகத்தின் 31744ஆம் முகவரியில் (ஹெக்ஸில், அதாவது பதினாறடி எண்முறையில், 7சி00) வைத்துவிட்டு பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள்ளமைந்த நிரல்) அங்கே தாவும், அவ்வளவுதான். சிபியுவின் செக்மெண்ட் ரெஜிஸ்டர்களான டிஎஸ் (தரவு இருக்கும் பகுதியைக் காட்டுவது), எஸ்எஸ்ஸில் (திரும்பிப் போகவேண்டிய முகவரிகளைக் குவித்துவைக்கும் ஸ்டாக் இருக்கும் பகுதியைக் காட்டுவது) என்ன கிடக்கும் என்பதற்கு அது பொறுப்பில்லை. அவனோ 'ஆர்க் 7சி00' (நிரல் அந்த முகவரியில் இருப்பதாக வைத்துக் கணக்கிடச் சொல்லும் வரி) என்று மட்டும் எழுதிவிட்டு டிஎஸ்ஸைத் தொடவே இல்லை. கியூஎம்யுவில் அது 0 ஆக இருந்ததால் தப்பித்தான். முதல் வேலையாக அந்த ரெஜிஸ்டரைத் திரையில் காட்டச் சொன்னேன். 0040 என்று வந்தது, அதாவது 64. சிபியு இதைப் பதினாறால் பெருக்கித்தான் முகவரியோடு கூட்டும்: 1024. ஆக, செய்தியை 1024 பைட் தள்ளி, செக்டர் முடிந்த பிறகு கிடக்கும் இடத்தில் தேடியிருக்கிறது!

ஏஎக்ஸ் என்ற பொது ரெஜிஸ்டரைச் சைபராக்கி அதிலிருந்து டிஎஸ், இஎஸ், எஸ்எஸ் மூன்றையும் நிரப்பியதும் சரி. (செக்மெண்ட் ரெஜிஸ்டரில் நேரடியாக எண்ணைப் போட சிபியு விடாது.) சில பயாஸ் 0:7சி00க்கும், சில 07சி0:0க்கும் தாவும் (முன்னால் இருப்பது செக்மெண்ட், பின்னால் இருப்பது அதற்குள் உள்ள தூரம்). இடம் ஒன்றுதான், சிஎஸ் (நிரலுக்கான செக்மெண்ட் ரெஜிஸ்டர்) வேறு. தொடக்கத்தில் ஒரு ஃபார் ஜம்ப் (சிஎஸ்ஸையும் சேர்த்து மாற்றும் தாவல்) போட்டுவிட்டால் அந்த வில்லங்கமும் இல்லை.

நிலாவெளிப் பொடியன்:
என்னோடு படித்த தோழிக்கு ஸ்டாக்கில் வந்தது வினை. எஸ்பியை (ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ரெஜிஸ்டர்) ஹெக்ஸ் 9000இல் வைத்து, கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஹெக்ஸ் 7இ00 முதல் ஏற்றினாள். எட்டு செக்டர் வரை பிரச்சினை இல்லை. கர்னல் கொஞ்சம் பெருத்து ஒன்பதாவது தேவைப்பட்டதும் அப்படியே தொங்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 7இ00 என்பது 32256. 32256 + 9×512 = 36864. அதுதான் ஹெக்ஸ் 9000. ஸ்டாக் கீழ்நோக்கி வளர்வதால், திரும்பிப் போகவேண்டிய முகவரிகளின் மேலேயே ஒன்பதாவது செக்டர் வந்து உட்கார்ந்திருக்கிறது. எஸ்பியை 7சி00க்கு மாற்றினாள். அங்கிருந்து கீழே ஹெக்ஸ் 500 வரை கிட்டத்தட்ட 30 கேபி காலி. அதற்கும் கீழே இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) அட்டவணையும் பயாஸின் தரவும் இருப்பதால் அங்கே கைவைக்கக் கூடாது.

டைக் வீதி:
இன்னொன்று. எஸ்எஸ்ஸை நிரப்பும் வரிக்கு அடுத்த வரியே எஸ்பியை நிரப்புவதாக இருக்கட்டும். எஸ்எஸ் மாறியதும் அடுத்த கட்டளை முடியும்வரை சிபியு இன்டரப்ட்டை நிறுத்திவைக்கும். ஆரம்பகால 8088 சிப்களில் மட்டும் இது சரியாக வேலை செய்யவில்லை, அதனால்தான் பலர் இன்றும் சிஎல்ஐ (இன்டரப்ட்டை நிறுத்திவைக்கும் கட்டளை) போட்டுவிட்டுத் தொடங்குகிறார்கள்.