புதுப்பிப்பு: கோப்ராவா, ஸ்பீட்ஸ்டரா? முடிவெடுத்துவிட்டேன்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகலை, பாகங்கள் அடங்கிய கிட்டாக வாங்கி வீட்டிலேயே கட்டப் போகிறேன். அதற்கு ஏசி கோப்ரா நகல் கிட் வாங்குவதா, போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் நகலா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கோப்ராதான்.

ஸ்பீட்ஸ்டரை விட மனசே வரவில்லை. ஆனால் அந்தக் கிட்டுகளில் பல, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் அடித்தளத்தில் உட்காருபவை. பீட்டிலின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் மையங்களுக்கு இடையிலான தூரம்) 2400 மி.மீ., அசல் 356-க்கு 2100. அளவு அச்சு அசலாக வரவேண்டுமென்றால் தளத்தைச் சுமார் 300 மி.மீ. வெட்டிச் சுருக்கி மறுபடி வெல்டிங் செய்யணும். அது கொஞ்சம் கோணினாலும் வண்டி நேராக ஓடாது. முதல் வண்டியிலேயே அந்த வேலை வேண்டாம்.

நான் தேர்ந்தெடுத்த கோப்ரா கிட்டில் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வெல்டிங் முடிந்தே வருகிறது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றும் ஒரே பழைய ஃபோர்டு மஸ்டாங் காரிலிருந்து. 1962-ல் அமெரிக்க கார் பந்தய வீரர் கரோல் ஷெல்பி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான ஏசி ஏஸின் உடலுக்குள் ஃபோர்டின் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை வைத்துத்தானே கோப்ரா பிறந்தது, அதனால் ஃபோர்டு எஞ்சின் எனக்கு முக்கியம்.

ஒரு விற்பனையாளரிடம் முன்பணம் கொடுக்கப் போய் நல்லவேளை தப்பித்தேன். ஃபைபர் பாடியில் ஒரு கதவின் இடுக்கில் விரல் போகிறது, மறுபக்கம் காகிதம்கூட நுழையவில்லை. படத்தில் இது தெரியவே தெரியாது; நேரில் பாருங்கள். கட்டி முடித்த வண்டியில் உட்கார்ந்து பெடல்களையும் மிதித்துப் பாருங்கள். கோப்ராவில் கால் வைக்கும் இடம் ரொம்பக் குறுகல், எஞ்சின் சூடும் அங்கேதான் இறங்கும்.

சேஸிஸ் வந்ததும் பிரேக் குழாய்களில் தொடங்குகிறேன்.