ஆஸ்திரேலியா வந்த மெக்கானிக்குகளுக்கு: வேலை அனுபவத்தை வைத்து சர்டிபிகேட் 3 வாங்குவது எப்படி?

கடந்த ஒரு மாதத்தில் நான்கு பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் பயன்படுகிற மாதிரி ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் என் கதை. 10ஆம் வகுப்பு முடித்த கையோடு திருச்சியில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். அங்கே 9 வருடம். அப்புறம் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கராஜில் 4 வருடம். மனைவியின் விசாவில் மெல்பர்ன் வந்து இறங்கியபோது 13 வருட வேலை கையில் இருந்தது. அதைச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை. டாண்டினாங் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் உதவியாளாகச் சேர்த்துக்கொண்டார்கள். பக்கத்து ஹாய்ஸ்டில் (வண்டியைத் தூக்கி நிறுத்தும் மேடை) நின்றவரும் நானும் ஒரே வேலையைத்தான் செய்தோம். அவர் கிளட்ச் இறக்கினால் நானும் கிளட்ச் இறக்கினேன். ஆனால் வாகனப் பழுதுத் தொழிலுக்கான 2020 அவார்டில் (குறைந்தபட்சச் சம்பள விதிகள்) சான்றிதழ் பெற்ற மெக்கானிக்குக்குத் தனி நிலை, கூடுதல் சம்பளம். நான் கீழே இருந்தேன். சர்டிபிகேட் 3 கைக்கு வந்த பிறகுதான் அது மாறியது.

நாம் வாங்க வேண்டிய சான்றிதழின் பெயர் 'சர்டிபிகேட் 3 இன் லைட் வெஹிக்கிள் மெக்கானிக்கல் டெக்னாலஜி'. குறியீடு ஏயுஆர்30620. லாரி, பஸ் பார்த்தவர்களுக்கும் பைக் மட்டும் பார்த்தவர்களுக்கும் தனித்தனி சர்டிபிகேட் 3 உண்டு. உங்கள் அனுபவம் எதில் இருக்கிறதோ அதையே எடுங்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் இதை அப்ரென்டிஸாக இருந்து மூன்று நான்கு வருடத்தில் முடிப்பார்கள். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அதுதான் ஆர்.பி.எல். முன்பே கற்றதை, செய்ததை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் முறை. வகுப்பு இல்லாமலும் கிடைக்கலாம், கொஞ்சம் வகுப்போடும் கிடைக்கலாம். கடைசியில் வருகிற சான்றிதழ் ஒன்றேதான். அதில் 'ஆர்.பி.எல். மூலம்' என்ற குறிப்பு எதுவும் இருக்காது.

இதில் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. 'எனக்கு 15 வருட சர்வீஸ், கொடுத்துவிடுவார்கள்' என்று நினைக்கிறார்கள். வருடத்துக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை, ஆதாரத்துக்குத்தான் தருகிறார்கள். சர்டிபிகேட் 3 என்பது 30க்கும் மேற்பட்ட யூனிட்களின் தொகுப்பு. பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, எலெக்ட்ரிக்கல் சர்க்யூட்டுக்கு ஒன்று என்று போகும். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் தனியாக நிரூபிக்க வேண்டும். ஸ்டியரிங்கில் நீங்கள் புலியாக இருந்தாலும் பழைய ஆயிலையும் கூலன்டையும் எப்படி அகற்றுவது என்கிற சுற்றுச்சூழல் யூனிட்டுக்கு அது உதவாது.

அதனால் பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ட்ரெயினிங் டாட் கவ் டாட் ஏயு என்ற அரசுத் தளத்தில் மேலே சொன்ன குறியீட்டைப் போட்டால் யூனிட் பட்டியல் முழுவதும் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் மதிப்பீட்டு விவரம் தனியாக இருக்கும். என்னென்ன வேலையைச் செய்து காட்ட வேண்டும், எத்தனை வண்டியில், என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். நான் அதை அச்செடுத்து, தெரிந்ததற்குப் பச்சை, அரைகுறைக்கு மஞ்சள், தொட்டதே இல்லை என்றால் சிவப்பு என்று கோடு போட்டேன். ஹைப்ரிட், ஏசி இரண்டிலும் சிவப்பு. மற்றதில் பெரும்பாலும் பச்சை. அந்தத் தாளோடு போய்ப் பேசியபோது எதிரே இருந்தவர் பேசிய விதமே வேறாக இருந்தது.

இனி ஆதாரம். இங்கேதான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

திருச்சி முதலாளிக்கு போன் போட்டு ஒரு கடிதம் கேட்டேன். அவருக்கு என்மேல் பிரியம் அதிகம். மறுநாளே லெட்டர்பேடில் எழுதி அனுப்பினார்: 'இவர் நேர்மையானவர், கடின உழைப்பாளி, நல்ல குணமுள்ளவர்.' படித்தபோது கண் கலங்கியது. ஆனால் அது இங்கே செல்லாது. மதிப்பீட்டாளருக்குத் தெரிய வேண்டியது வேறு: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்த வண்டிகள், என்னென்ன வேலைகள், மேற்பார்வை இல்லாமல் தனியாகச் செய்தது எது, கடிதம் கொடுப்பவரின் பதவி என்ன, அவரைத் தொடர்புகொள்ளும் எண் எது. இரண்டாவது முறை நானே பட்டியல் போட்டு அனுப்பினேன். 'டைமிங் பெல்ட் மாற்றுதல், கியர்பாக்ஸ் இறக்கி கிளட்ச் பிளேட் மாற்றுதல், பிரேக் டிஸ்க், டிரம் வேலை, ஹெட் காஸ்கெட்' என்று ஒவ்வொன்றாக. நான் உண்மையில் செய்ததை மட்டுமே எழுதினேன். அவரிடம் போன் போட்டுக் கேட்கவும் செய்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஒன்றுகூடக் கூட்டி எழுதாதீர்கள்.

கடிதம் தவிர சம்பளச் சீட்டு, ஜாப் கார்டு, வேலை செய்யும் போட்டோ, வீடியோ எல்லாம் கணக்கில் வரும். போட்டோவில் உங்கள் முகமும் கையில் உள்ள வேலையும் தெரிய வேண்டும். கழற்றி வைத்த இன்ஜினை மட்டும் எடுத்தால் அது யார் கழற்றியது என்று யாருக்குத் தெரியும்? இங்கே எடுக்கும்போது முதலாளியிடம் கேட்டுவிட்டு எடுங்கள், வாடிக்கையாளரின் பெயரையும் நம்பர் பிளேட்டையும் மறைத்துவிடுங்கள். இன்னொன்று, ஆதாரம் சமீபத்தியதாகவும் இருக்க வேண்டும். ஐந்தாறு வருடமாக ஊபர் ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு ஊரில் செய்த பழைய வேலையை மட்டும் காட்டினால் கஷ்டம். எனவே இங்கே வந்ததும் சின்ன வேலையானாலும் ஒர்க்‌ஷாப்புக்குள் கால் வைத்துவிடுங்கள். ஒரு நோட்டுப் போட்டு தினமும் தேதி, வண்டி, வேலை மூன்றையும் எழுதி வாரக் கடைசியில் மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். எனக்கு எழுத்து வேலை பழக்கமில்லை. நான் சொல்லச் சொல்ல மனைவிதான் ராத்திரி உட்கார்ந்து டைப் செய்து கொடுத்தார்.

தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் இரண்டு வருடம் முடித்தவர்களும், இலங்கையில் என்.வி.க்யூ. (தேசியத் தொழில் தகுதி) 3, 4 வாங்கியவர்களும் அந்தச் சான்றிதழை மதிப்பெண் பட்டியலோடு சேர்த்துக் கொடுங்கள். தானாகச் சமமாகாது, ஆனால் நல்ல கனமான ஆதாரம். இன்னும் இலங்கையிலேயே இருப்பவர்கள் கிளம்பும் முன், அங்கேயும் அனுபவத்தை வைத்து என்.வி.க்யூ. வாங்கும் வழி இருக்கிறது, அதை முடித்துவிட்டு வருவது நல்லது. தமிழில் இருக்கும் காகிதங்களை நாட்டி என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்க வேண்டும். பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) விசா கிடைத்து இரண்டு வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு உள்துறை அமைச்சகமே 10 ஆவணங்கள் வரை இலவசமாக மொழிபெயர்த்துத் தருகிறது. சில தற்காலிக விசாக்களுக்கும் இது உண்டு.

மதிப்பீட்டு நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயம் எல்லாம் அங்கேதான். காகிதத்தைப் பார்த்து முடித்த பிறகு மதிப்பீட்டாளர் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கே வந்தார். பிரேக் மிதித்தால் பெடல் அதிரும் ஒரு காரைக் காட்டி, என்ன செய்வீர்கள் என்றார். ஓட்டிப் பார்த்தேன், வீலைக் கழற்றினேன், டிஸ்கின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு 'டிஸ்க் போயிருக்கிறது' என்றேன். சரிதான். 'எவ்வளவு போயிருக்கிறது?' என்று கேட்டார். திருச்சியில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. டயல் கேஜை வைத்து டிஸ்கைச் சுற்றி ஆட்டத்தை அளந்தேன். மைக்ரோமீட்டரை எடுத்து எட்டு இடத்தில் தடிமன் பார்த்தேன். டிஸ்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை டார்ச் அடித்துப் படித்தேன். மூன்றையும் தாளில் எழுதச் சொன்னார். என் விரல் சொன்னதும் மைக்ரோமீட்டர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் எழுதிய எண்ணைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

நட்டு முறுக்கும்போது ஸ்பேனரில் பைப் மாட்டி ஏறி மிதிக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. இங்கே குறித்த அளவுக்கு மட்டும் முறுக்கும் டார்க் ரெஞ்ச், அதுவும் நட்சத்திர வரிசையில். ஹாய்ஸ்டைத் தூக்கியதும் லாக் விழுந்ததா என்று பார்ப்பது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுவது, இதையெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் கவனித்துக்கொண்டே இருந்தார். என் இங்கிலீஷ் சுமார்தான். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன், வராத இடத்தில் பாகத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். போவதற்கு முந்தைய இரண்டு வாரம் வேலை செய்யும்போதே 'இப்போது இதைக் கழற்றுகிறேன், ஏனென்றால்...' என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். அது ரொம்ப உதவியது.

எனக்கு விடுபட்டவை ஹைப்ரிட் மின்சாரத்தைத் துண்டிக்கும் யூனிட்டும் ஏசி யூனிட்டும். அந்த இரண்டுக்கும் வகுப்பு போய் முடித்தேன். கார் ஏசியில் வாயுவைத் தொட வேண்டுமானால் ஆர்க்டிக் எனப்படும் தனி லைசென்ஸ் கட்டாயம், சர்டிபிகேட் 3 மட்டும் போதாது.

இப்போது மனதை உறுத்தும் விஷயம். நான் வந்த புதிதில் ஒரு ஏஜென்ட் 'பணம் கட்டுங்கள், பத்து நாளில் சான்றிதழ் வீட்டுக்கு வரும், யாரும் வரமாட்டார்கள், எதுவும் கேட்கமாட்டார்கள்' என்றார். முன்பணமாக 800 டாலர் கொடுத்துவிட்டேன். மனைவி அந்த நிறுவனத்தின் பெயரை அரசுத் தளத்தில் தேடினார், அப்படி ஒரு நிறுவனமே பதிவில் இல்லை. பணம் திரும்பி வரவில்லை. பதிவான நிறுவனமாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2024 கடைசியில் கண்காணிப்பு அமைப்பான ஆஸ்க்வா சில பயிற்சி நிறுவனங்களின் பதிவை ரத்து செய்ததோடு, அவை கொடுத்திருந்த ஆயிரக்கணக்கான சான்றிதழ்களையும் ரத்து செய்தது. வாங்கியவர்கள் வேலை என்ன ஆகுமோ என்று தவித்தார்கள். உங்களிடம் கேள்வியே கேட்காமல் சான்றிதழ் தருகிறேன் என்றால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். முதலில் அரசின் டேஃப் கல்லூரியில் கேளுங்கள். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பி.ஆர்., சிட்டிசன் என்றால் ஸ்கில்ஸ் ஃபர்ஸ்ட் மானியம் பொருந்துமா என்றும் கேளுங்கள். தனியார் என்றால் தவணையில் கட்டுங்கள். 1,500 டாலருக்கு மேல் முன்பணம் வாங்கும் நிறுவனம் அந்தப் பணத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அது என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேளுங்கள். யு.எஸ்.ஐ. எனப்படும் மாணவர் அடையாள எண் இல்லாமல் சான்றிதழ் தரமாட்டார்கள், அதை நீங்களே ஆன்லைனில் இலவசமாக எடுக்கலாம்.

வேறு கேள்விகள் கேட்டவர்களுக்கு:

சான்றிதழ் இல்லாமல் வேலை செய்யலாமா என்று கேட்ட சிட்னி தம்பிக்கு: விக்டோரியாவில் மெக்கானிக்குக்குத் தனி லைசென்ஸ் கிடையாது, அதனால்தான் நான் சான்றிதழ் இல்லாமல் உதவியாளாக வேலை செய்துகொண்டே ஆதாரம் சேர்க்க முடிந்தது. உங்கள் நியூ சவுத் வேல்ஸில் அப்படி இல்லை. ரிப்பேர் வேலை செய்ய ஃபேர் டிரேடிங் என்ற அரசு அமைப்பு தரும் டிரேட்ஸ்பர்சன் சான்றிதழ் வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இதேபோல ரிப்பேரர் சான்றிதழ் உண்டு. முதலாளி 'பரவாயில்லை, செய்' என்றாலும் செய்யாதீர்கள்.

விசாவுக்கு ஆகுமா என்று கேட்ட சகோதரிக்கு: உங்கள் கணவரின் பி.ஆர். விண்ணப்பத்துக்கான திறன் மதிப்பீடு டி.ஆர்.ஏ. என்ற அமைப்பிடம் தனியாகச் செய்ய வேண்டியது. ஆர்.பி.எல். சான்றிதழ் இருந்தால் அது தானாக முடிந்துவிடாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகை என்று யாராவது சொன்னால் பதிவுபெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்ற கேள்விக்கு: எனக்கு முதல் படிவம் கொடுத்ததிலிருந்து ஏழு மாதம். அதில் மூன்று மாதம் ஷார்ஜா கடிதத்துக்காகக் காத்திருந்தது. அந்த கராஜ் கைமாறியிருந்தது, பழைய போர்மேனைத் தேடிப் பிடித்து வாங்கினேன். அதனால் முதல் வேலையாக ஊருக்கு போன் போடுங்கள். இங்கே சாயங்காலம் ஐந்தரை என்றால் அங்கே மதியம் ஒரு மணி, குளிர்காலக் கணக்கில். சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் போனை எடுப்பார்கள்.