பென்சனா, ஈ.பி.எஃப்பா: இலங்கையில் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

கல்லடிக்காரன்:
கல்முனையில் நெல் ஆலையில் கணக்கு எழுதுகிறவருக்கு 55 வயதில் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு ஒரே தடவையில் வரும், அதோடு சரி. பிரதேச செயலகத்தில் அதே மாதிரி வேலை பார்க்கிறவருக்குச் சாகும்வரை பென்சன். இது எப்ப வந்த ஏற்பாடு? நியாயமா?

வாவிக்கரை:
தம்பி, இரண்டும் வேறு வேறு காலத்தில் வந்தவை. அரச பென்சன் வெள்ளைக்காரன் காலத்து 1901 ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பில் நிற்கிறது. அதற்குத் தனி நிதியம் இல்லை. வருசாவருசம் வரவு செலவுத் திட்டத்தில் இருந்துதான் போகிறது. அரச ஊழியரின் சம்பளத்தில் வெட்டுவது விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு. தனியாருக்கு ஈ.பி.எஃப் 1958இல், டி.பி. இலங்கரத்ன தொழில் அமைச்சராக இருந்தபோது வந்தது. இப்போது சம்பளத்தில் தொழிலாளி 8%, முதலாளி 12% கட்டவேண்டும். 1980இல் இ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதியம்) சட்டம், முதலாளி மட்டும் 3%.
அந்த ஆலைக் கணக்கர் சாமான் வாங்கும்போது கட்டுகிற வற் வரியும் அரச பென்சனுக்குப் போகிறது. அவருக்கு மட்டும் பென்சன் இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

அக்கரைப்பற்றான்:
வரியை விட, விலைவாசி ஏறினால் யார் தாங்குவது என்பதுதான் பெரிசு அண்ணன். 2022இல் சாமான் விலை எகிறியபோது ஈ.பி.எஃப்பில் கிடந்த காசின் பெறுமதி கரைந்தது. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பிலும் ஈ.பி.எஃப் வைத்திருந்த பிணைமுறிகளை (அரசின் கடன் பத்திரங்களை) மாற்றினார்கள். 9% வட்டிக்கு உத்தரவாதம் என்றார்கள். பென்சன்காரருக்கும் விலைவாசியோடு தானாக ஏறாதுதான், ஆனாலும் மாதாமாதம் வரும்.

சம்பளப்பட்டியல்:
சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் சம்பளச் சீட்டைப் பாருங்கள். சில முதலாளிமார் கையில் 40,000 ரூபா கொடுத்து, 27,000ஐ மட்டும் அடிப்படைச் சம்பளமாகக் காட்டி, மிச்சத்துக்கு ஏதோ ஒரு பெயர் வைப்பார்கள். ஈ.பி.எஃப் இரண்டு பங்கும் சேர்ந்து 40,000க்கு 20% என்றால் 8,000, 27,000க்கு 5,400தான். மாதம் 2,600 குறைவு, இ.டி.எஃப்பில் இன்னும் 390. மேலதிக நேரக் காசு கணக்கில் வராது. வாழ்க்கைச் செலவுப்படியும் சாப்பாட்டுப்படியும் வரும். அவற்றை விட்டிருந்தால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். சம்பளச் சீட்டு, வங்கிக் கூற்று இரண்டின் பிரதியும் கொண்டுபோங்கள். ஒரு மாதக் காசை அடுத்த மாதம் முடியமுதல் கட்டவேண்டும். பிந்தினால் 5%இல் தொடங்கி 50% வரை மேலதிகக் கட்டணம், அதுவும் முதலாளி தலையில்.
பெயரையும் பாருங்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, ஈ.பி.எஃப் பதிவில் வேறு எழுத்து என்றால் காசு எடுக்கும் நேரத்தில்தான் இழுபடும்.

வாவிக்கரை:
சரியான கணக்கு. வயல்காரரையும் மறக்கவேண்டாம். விவசாயிகள் ஓய்வூதியத் திட்டம் 1987இல் வந்தது. தவணைப்பணம் கட்டியும், இடையில் நிதி வற்றிக் கொடுப்பனவு நின்றது. அம்பாறைப் பக்கம் இதில் சேர்ந்தவர்கள் பழைய பற்றுச்சீட்டை எறியாமல் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள்.