பிரஷர் மாத்திரையால் சொரியாசிஸ் கூடுமா?

செங்காந்தள்: அப்பாவுக்குப் பத்து வருடமாக முழங்கையில் மட்டும் காசு அகலத்துக்கு ஒரு படை; சொரியாசிஸ் என்னும் செதில் உதிரும் தோல் நோய். பிரஷருக்கு மெட்டோப்ரோலால் தொடங்கிய ஐந்தாம் மாதம் முதுகு முழுக்கப் பரவிவிட்டது. காலையில் போர்வையை உதறினால் செதில் தவிடாகக் கொட்டுகிறது. மெட்டோப்ரோலால் போல இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் சொரியாசிஸைக் கிளறிவிடுமாம். நாளை முதல் நிறுத்திவிடப் போகிறேன்.

மருந்துக்கடைக்காரன்: வேண்டாம் சகோதரி! அதைச் சட்டென்று விட்டால் இதயத் துடிப்பு எகிறும். நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம். மேலும், நான்கு மாதம் சும்மா இருந்த மாத்திரை ஐந்தாம் மாதம் எப்படிக் குற்றவாளியாகும்? தொண்டைப் புண், மனக்கவலை, பனிக்காலம் எல்லாமே இந்நோயைக் கூட்டுபவைதான்.

செங்காந்தள்: ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் சில நாட்களிலேயே தடித்துவிடும், அண்ணா. இது மாதக்கணக்கில் பதுங்கியிருந்து வரும். அதனாலேயே யாரும் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. களிம்பு எழுதிய மருத்துவர், வேறென்ன சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆற்றங்கரை: எனக்கு மனநலத்துக்காகச் சாப்பிடும் லித்தியம் மாத்திரையால் சொரியாசிஸ் கூடியது. மனநல மருத்துவரும் தோல் மருத்துவரும் கலந்து பேசி, லித்தியத்தைத் தொடரச் சொன்னார்கள். தோலுக்குத் தனியாகச் சிகிச்சை. லித்தியம் இல்லாமல் நான் இருந்த நாட்களை என் மனைவி அறிவாள். மருந்துதான் காரணம் என்று தெரிந்தாலும் விட முடியாத நிலை உண்டு, சகோதரி.

மருந்துக்கடைக்காரன்: ஒன்று கேட்கிறேன். இடையில் ஊசி ஏதாவது போட்டாரா?

செங்காந்தள்: ஆமாம். பக்கத்துக் கிளினிக்கில் இரண்டு ஊசி. ஒரே வாரத்தில் தோல் பளிச்சென்று ஆனது. மூன்றாம் வாரம்தான் முதுகில் ஏறியது.

மருந்துக்கடைக்காரன்: அது ஸ்டீராய்டாக இருந்தால் என் சந்தேகம் அதன்மேல்தான். போடும்போது மாயமாக அடங்கும், விட்டதும் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். சிலருக்குக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் சீழ்க் கொப்புளம் கிளம்பும். அப்படி வந்தால் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். மாத்திரையைக் குறை சொல்லி ஊசியைத் தப்பவிடாதீர்கள்.

செங்காந்தள்: ஊசிக்கு முன்பே தொடையில் புதிதாக இரண்டு திட்டு வந்திருந்தது. அதற்காகத்தானே ஊசிக்கே போனோம்? மாத்திரைமேல் உள்ள சந்தேகத்தை நான் விடவில்லை. ஆனால் நானாக நிறுத்தமாட்டேன். எல்லா மாத்திரை அட்டைகளையும், ஊசிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை இதய மருத்துவரைப் பார்க்கிறோம். மாற்று மருந்து உண்டா என்று கேட்பேன்.

மருந்துக்கடைக்காரன்: ஒவ்வொன்றும் தொடங்கிய தேதியையும் எழுதிக்கொண்டு போங்கள்.