ஜிக்சாவா, ஜோடி விவாதமா, புராஜெக்டா: எட்டாம் வகுப்புக்கு எது சரிவரும்?

கேள்வி:
எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 40 பேர், 45 நிமிட பீரியட். இனிமேல் மாணவர் மையக் கற்பித்தல்தான் என்று சொல்லிவிட்டார்கள். எந்த முறை என்று கேட்டால் பதில் இல்லை. குழுவாக உட்கார வைத்தால் ஒருவர் எழுதுகிறார், மற்றவர்கள் பேனாவைச் சுழற்றுகிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
சார், முறையை விடுங்க, முதல்ல பாடத்தைப் பாருங்க. ஜிக்சா 1971-ல் டெக்சாஸில் எலியட் அரோன்சன்னு ஒரு உளவியலாளர் கொண்டுவந்த குழு முறை. ஆளுக்கொரு துண்டைப் படிக்கணும், அடுத்தவர் வாய் திறந்தாத்தான் முழுசும் கிடைக்கும். அப்படின்னா பாடம் துண்டாகணுமே! வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு மூணும் தனித்தனியா நிக்கும், ஜிக்சாவுக்கு அருமையா வரும். ஓம் விதியை மின்னழுத்தம் ஒருத்தர், மின்னோட்டம் ஒருத்தர்னு பிரிச்சா யாருக்கும் எதுவும் புரியாது. (பெஞ்சை இழுத்துப் போடுற நேரத்தையும் கணக்குல வைங்க.)

மின்சாரப் பாடத்துக்கு நான் எடுக்கிறது ஜோடி விவாதம், ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-ல் ஆரம்பிச்ச முறை. போர்டுல ஒரே கேள்வி: தொடர் இணைப்பில் ரெண்டு பல்பு, முதல் பல்பைத் தாண்டினதும் மின்னோட்டம் குறையுமா, கூடுமா, மாறாதா? பேச்சுமூச்சு கூடாது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு விரலை நெஞ்சோட ஒட்டிக் காட்டணும், பக்கத்துல இருக்கிறவருக்குத் தெரியக் கூடாது. 'குறையும்'னு நிறைய விரல் வரும். பல்பு கொஞ்சம் மின்சாரத்தைத் தின்னுடும்னு அவங்க நினைப்பு, சரியான விடை 'மாறாது'. அப்புறம், வேற விடை காட்டினவரோட வாதாடச் சொல்லி, மறுபடி விரல். முதல் தடவையே 70 சதவீதத்துக்கு மேல சரின்னா ரெண்டு வரி சொல்லி நகர்ந்துடலாம். 30-க்குக் கீழேன்னா விவாதம் வீண், நாமதான் திரும்ப நடத்தணும்.

பதில் 2:
புராஜெக்டைப் பாடத்தின் கடைசிக்குத் தள்ளுங்கள். அடிப்படை தெரியாதவர்களை 'நீங்களே கண்டுபிடியுங்கள்' என்று விட்டால் மூளை அந்தச் சுமையைத் தாங்காது என்று கல்வி உளவியலாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-லேயே எழுதிவிட்டார்கள். நான் அவர்கள் கட்சி.

கேட்டவர்:
ஜோடியிலும் ஒருவரே பேசினால்?

பதில் 1:
ஜோடி வேலைக்கு 'யோசி, ஜோடி சேர், பகிர்'னு ஒரு முறை உண்டு, அதுல 'யோசி'ங்கிற முதல் வார்த்தையை நாமதான் முழுங்கிடறோம். கேள்வி கேட்டுட்டு 3 விநாடி காத்திருந்தாலே பதில் நீளுதுன்னு கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-கள்லயே காட்டிட்டாங்க. நோட்டுல ஒரு வரி எழுதின பிறகு திரும்பிப் பேசட்டும். எழுந்து சொல்றப்போ தன் விடையை இல்ல, ஜோடி சொன்னதைச் சொல்லணும்னு வைங்க. சும்மா இருக்கிறவரை ஜோடியே பேச வெச்சிடும்.